‘பாப்பம்’ என்று சொன்ன ஞாயிறு

ஏஜென்சிக்காரி கூப்பிட்டபோது நான் ஒரு மருந்துக்கடையின் கார்த் தரிப்பிடத்தில், எஞ்சினை ஓடவிட்டபடி உப்புப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து வயிறு ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். வேலை சரிவந்துவிட்டது என்றாள். ஒரு வங்கி, ஆறு மாத ஒப்பந்தம், கிழமைக்கு இரண்டு நாள் டவுன்ரவுன் போனால் போதும், மிச்ச நாள் வீட்டிலிருந்தே. இன்னும் பத்து நாளில், ஒரு திங்கட்கிழமை தொடக்கம். நான் பிஸ்கட்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நன்றி சொன்னேன். பிறகு அவள், இன்னொரு சின்ன விசயம் என்றாள். சம்பளம் எந்த வழியால் வேண்டும்? எங்கள் பேரோலில், அதாவது எங்கள் சம்பளப் பட்டியலில், நேரே வரலாம். இல்லாவிட்டால் இடையில் நின்று சம்பளத்தை வாங்கித் தரும் ஒரு அம்பிரெல்லா கொம்பனியூடாக வரலாம், அப்படியென்றால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட்டித் தரமுடியும். வருகிற வெள்ளிக்குள் சொன்னால் சரி.

சின்ன விசயம்தான். எனக்கு அந்த நிமிடமே பதில் தெரியும். ஆனால் ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லமுடியாது. அடுத்த பத்து நாளும் நான் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு இடத்திலிருந்து வந்ததுதான்.

நான் சொஃப்ட்வெயார் ரெஸ்ரர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை பிடிப்பது என் பிழைப்பு. எந்தப் பட்டனை எந்த நேரத்தில் அமுக்கினால் எது கவிழும் என்று யோசித்து யோசித்து, அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் கணவர் சொல்வார். பத்து வருடமாக ஒப்பந்த வேலைதான். வங்கிக்குள் உட்கார்ந்திருப்பேன், ஆனால் வங்கியின் ஆள் இல்லை. வருடக் கடைசி விருந்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், கூப்பிடாமலும் விடுவார்கள். அந்தக் காலம் முழுவதும் என் பெயரிலேயே ஒரு கொம்பனி பதிந்து, நானே முதலாளி, நானே வேலைக்காரி என்று ஓட்டினேன். அந்த வேலைக்கு முந்தின வருடக் கடைசியில் அதை மூடிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்க்கிறவரோடு கொழுவல் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைக்க விட்டேன்.

இங்கே ‘வெட்டு’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வேலையைப் பற்றிக் கதைத்தால், முதலாவது கேள்வி எங்கே வேலை என்பது. இரண்டாவது, “எவ்வளவு வெட்டுறாங்கள்?” வரி, பென்சன், ஈ.ஐ. என்று சம்பளத்தில் பிடிப்பது எல்லாம் எங்களுக்கு ஒரே சொல்தான், வெட்டு. சொல்லும்போதே முகம் சுளிக்கும், யாரோ இரவோடிரவாக மரத்தில் குலையை இறக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி. வெட்டில்லாத வேலை நல்ல வேலை. வெட்டுக் குறைந்த வேலை பரவாயில்லை. அதிலும் ஈ.ஐ. வெட்டு என்றால் இன்னும் எரிச்சல், ஏனென்றால் அது வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு, எங்கள் ஆட்களுக்கு வேலை போனதாக ஒத்துக்கொள்வதே மானக்கேடு. பிள்ளை பெற்ற பெண் ஒரு வருடம் வீட்டில் நிற்பதற்கு வருகிற காசும் அதே ஈ.ஐ.யிலிருந்துதான் வருகிறது என்பது பெண் பிள்ளை உள்ள வீடுகளில்கூட ஞாபகம் வருவதில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது. ஏஜென்சிக்காரி கூப்பிட்டதற்கு நான்கு நாள் முன்னர்தான் குளியலறையில் கர்ப்பம் பார்க்கும் குச்சியில் இரண்டு கோடு பார்த்திருந்தேன்.

அந்தக் காசுக்கு அறுநூறு மணித்தியாலம் வேண்டும். வெட்டோடு வேலைசெய்த அறுநூறு மணித்தியாலம். சொந்தக் கொம்பனியில் பத்து வருடம் வேலைசெய்த என்னிடம் ஒரு மணித்தியாலமும் இல்லை. சொந்தமாக வேலை செய்கிறவர்களும் விரும்பினால் சேரலாம் என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் சேர்ந்து ஒரு வருடம் பொறுக்கவேண்டும். வயிறு ஒரு வருடம் பொறுக்காது. ஏஜென்சிப் பேரோலில் போனால் கிழமைக்கு முப்பத்தேழரை மணித்தியாலம், பதினாறு கிழமையில் அறுநூறு. அம்பிரெல்லாவில் போனால், எங்கள் ஆட்களுக்குள் ஓடும் அம்பிரெல்லாக்களைச் சொல்கிறேன், அவர்கள் உன்னைச் சுயதொழில்காரி என்று காட்டி, காசை முழுசாகக் கையில் தந்து, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று விடுவார்கள். ஒரு மணித்தியாலமும் சேராது. பத்து வயதுப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் அதை யாருக்கும் சொல்லமுடியாது, ஏனென்றால் எனக்கு ஏழாவது கிழமை. மூன்று மாதம் முடியமுன் சொல்லக்கூடாது.

யார் போட்ட சட்டம் என்று தெரியாது. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரரான எங்கள் வீட்டிலும் அதேதான், சைவக்காரரான என் கணவரின் வீட்டிலும் அதேதான். இரண்டு பக்கமும் ஒத்துப்போன மிகச் சில விசயங்களில் அது ஒன்று.

அந்தச் சட்டத்தால் வந்த ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன் ஒரு புதன்கிழமை என் முதலாவது பிள்ளை ஒன்பதாவது கிழமையில் போனது. ஆசுப்பத்திரியிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வியாழன் படுத்திருந்தேன். வெள்ளி மடிக்கணினியைத் திறந்து நான்கு பிழை பதிந்தேன். திங்கள் வங்கிக்குப் போய் என் கதிரையில் இருந்தேன். எனக்கு லீவு தர ஒருவருமில்லை, முதலாளி நான்தானே. அது பெரிதில்லை. உண்டானதை யாருக்கும் சொல்லாதபோது போனதையும் யாருக்கும் சொல்லமுடியாது, அதுதான் பெரிது. அந்த ஞாயிறு என் அக்கா, முகம் ஏன் வெளிறிக் கிடக்குது என்று கேட்டாள். சளிக் காய்ச்சல் என்றேன். அவள் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். நான் குடித்தேன். அந்தக் கொத்தமல்லித் தண்ணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், யார்மேல் என்று தெரியாமலே.

அதற்குப் பிறகுதான் கொம்பனியை மூடினேன்.

என் கணவர் பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனியில் டிஸ்பாச்சர். எந்த லொறி எங்கே போகிறது, எந்தச் சாரதி எங்கே அகப்பட்டு நிற்கிறான் என்று நாள் முழுக்கக் காதில் ஃபோனோடு இருப்பவர். வீட்டில் அதிகம் கதைக்கமாட்டார். ஏஜென்சிப் பேரோலில் போகப்போகிறேன் என்று சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

“மணித்தியாலத்தைச் சேர்க்கவோ?” என்றார்.

“ஓம்.”

“இப்பவே அந்தக் கணக்கைத் தொடங்காதையும். போன முறை...”

அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. போன முறை ஆறாவது கிழமையிலேயே நான் ஒரு கடையில் சின்ன மஞ்சள் காலுறை ஒரு சோடி வாங்கிவிட்டேன். பிறக்கமுன் உடுப்பு வாங்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அவர் என்னைக் குற்றம் சொன்னவரில்லை, ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குள்ளும் எனக்குள்ளும் அந்தக் காலுறை கிடந்தது. அறுநூறு மணித்தியாலம் சேர்ப்பது என்பது காலுறை வாங்குவதைவிடப் பெரிய ஆயத்தம். தொட்டில் செய்து, வீட்டின் நடுவில் வைத்து, பார் பார் என்று காட்டுகிற மாதிரி. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏஜென்சிக்காரிக்கு எழுத வேண்டிய இரண்டு வரி மின்னஞ்சலை மூன்று முறை திறந்து மூன்று முறையும் மூடினேன். வெள்ளி வரைக்கும் தவணை இருக்கிறதே, வியாழன் எழுதலாம். ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காமல் போனால் அது ஒரு நாள் இலாபம். அப்படி ஒரு பைத்தியக் கணக்கு.

ஞாயிறு பூசை முடிய யூனியன்வில்லில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா என்னைவிட எட்டு வயது மூப்பு. அத்தான், அக்காவின் கணவர், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலேயே எங்கள் குடும்பத்துக்குள் வந்தவர். என்னைக் கம்பியூட்டர் படி என்று சொன்னதும், முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தந்ததும் அவர்தான். அதனால் என் வேலை விசயத்தில் தனக்குப் பாதிப் பங்கு இருப்பதாக நினைப்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடமிருந்து தப்புவதுதான் கரைச்சல்.

அன்றைக்கு நண்டுக் குழம்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே எனக்கு வயிறு தொண்டைக்கு வந்தது. காஸ்ரிக் என்று சொல்லிவிட்டு வெறும் சோறும் தயிருமாக ஒரு மூலையில் இருந்தேன். அக்கா ஒரு முறை பார்த்தாள். பிறகு இன்னொரு முறை பார்த்தாள். நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன்.

புது வேலை கிடைத்த கதையை என் கணவர் சொல்லிவிட்டார். அத்தான் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“எந்த வழியாலை எடுக்கிறாய்?”

“ஏஜென்சிப் பேரோலிலை போவம் எண்டு யோசிக்கிறன் அத்தான்.”

கடிப்பதை நிறுத்திவிட்டார். “உனக்கென்ன விசரே? பத்து வருசம் கொம்பனி நடத்தினனி. இப்ப போய் வெட்டு வாங்கப்போறன் எண்டு நிக்கிறாய்.”

“ஒரு மாற்றத்துக்கு.”

“ஆராவது ஒரு மாற்றத்துக்கு வெட்டுவாங்கோ எண்டு போய்த் தலையைக் குடுப்பினமே? நான் ஆறு வருசமா குடைக்குள்ளைதான் நிக்கிறன். ஒரு சொட்டு நனைஞ்சதில்லை.”

அம்பிரெல்லாவை அவர் குடை என்றுதான் சொல்வார். அந்தப் பகிடியை ஆறு வருடமாகச் சொல்கிறார், ஆறு வருடமும் தானே முதலில் சிரிப்பார். பிறகு அவருடைய அம்பிரெல்லாக்காரரைப் பற்றித் தொடங்கினார். எங்கள் ஆள், ஒரு ஒபிஸ் வைத்திருக்கிறார், ஃபோன் எடுத்தால் தமிழில் கதைக்கலாம், கார் செலவு, ஃபோன் செலவு எல்லாம் கழிக்கச் சொல்லித் தருவார். எல்லாம் உண்மைதான். அத்தான் சொன்ன எதுவும் பொய்யில்லை. வேறு ஒரு வருடமாக இருந்தால் நானே போயிருப்பேன்.

“ஏன் வேண்டாம் எண்டு ஒரு காரணம் சொல்லு பாப்பம்,” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் சோற்றைப் பார்த்தார். எனக்கு வாயில் வந்த காரணம் எல்லாம் ஒரு பிள்ளையின் அளவில் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“சரி அத்தான், பாப்பம்.”

இந்தப் ‘பாப்பம்’ இருக்கிறதே, எங்கள் ஆட்களிடம் இதைவிட மரியாதையான மறுப்பு இல்லை. கலியாண வீட்டுக்கு வாறியளோ, பாப்பம். சீட்டுக்குச் சேருகிறியளோ, பாப்பம். யாரும் போய்ப் பார்ப்பதில்லை, கேட்டவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். பிழை பிடிப்பது என் தொழில், இருந்தும் எனக்கு ஒன்று பிடிபடவில்லை. நான் முதலில் ‘சரி’ என்றும் சொல்லியிருந்தேன். மணித்தியாலக் கணக்காக ஒருவருக்கு ஒன்றை விளக்கியபின் அவர் ‘சரி’ என்று சொன்னால், விளக்கினவருக்கு அதற்குப் பிறகு வருகிற சொல் காதில் விழாது.

செவ்வாய் அம்பிரெல்லாக்காரர் ஃபோன் எடுத்தார். அத்தான் நம்பர் கொடுத்திருக்கிறார். தேன் மாதிரிக் குரல்.

“தங்கச்சி, அத்தான் எல்லாம் சொன்னவர். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.”

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அண்ணை, ஈ.ஐ. வெட்டுறனீங்களோ?”

“இல்லைத் தங்கச்சி,” என்றார் பெருமையோடு. “அந்தத் தேவையில்லாத வெட்டு எங்களிட்டை இல்லை. உங்களை மாதிரிப் படிச்ச ஆக்களுக்கு என்னத்துக்கு ஈ.ஐ.? வேலை இல்லாமல் இருக்கப்போறியளே?”

“ஒரு சிநேகிதிக்காகக் கேட்டனான்,” என்றேன். எதற்காக அந்தப் பொய் என்று எனக்கே விளங்கவில்லை. எந்த ஏஜென்சி என்று கேட்டார், சொன்னேன். கடைசியில், “அப்ப என்ன மாதிரி?” என்றார்.

“பாப்பம் அண்ணை,” என்றேன். இரண்டாவது தடவை.

வியாழன் மத்தியானம் ஏஜென்சியிலிருந்து ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திட ஒரு மஞ்சள் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. நான் இன்னும் பதிலே எழுதவில்லையே என்று யோசித்தபடி வாசித்தேன். மூன்றாவது வரியில் அம்பிரெல்லாக் கொம்பனியின் பெயர் இருந்தது.

உடனே ஏஜென்சிக்காரியைக் கூப்பிட்டேன். அவள் ஆங்கிலத்தில், மிகச் சந்தோசமாக, ஓம், உங்கள் கொம்பனி எங்களோடு தொடர்புகொண்டது, நீங்கள் அவர்களூடாக வருவதாக எழுதினார்கள், எல்லாம் மாற்றிவிட்டேன் என்றாள். அது என் கொம்பனி இல்லை என்றேன். பேரோலுக்கு மாற்றலாம், ஆனால் அவர்கள் விலகுவதாக நாளைக்கு ஐந்து மணிக்குள் எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் வங்கிக்கு எல்லாம் புதிதாக அனுப்பவேண்டிவரும், திங்கள் தொடங்க ஏலாது, அடுத்த தொகுதி ஆட்களோடு ஐந்து கிழமை கழித்துத்தான் என்றாள். ஐந்து கிழமை பிந்தினாலும் வங்கி காத்திருக்குமோ என்று தன்னால் சொல்லமுடியாது. மாற்றுவதற்குக் காரணம் என்ன என்று எழுதவேண்டும், என்ன எழுதட்டும்?

“தனிப்பட்ட காரணம்,” என்றேன்.

சமையலறைக்கும் வாசலுக்கும் இடையில் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. ஐந்து கிழமை என்றால் என்ன, பிந்தினாலும் அறுநூறு வந்துவிடும் என்று ஒரு முறை நினைத்தேன். அடுத்த முறை, வேலையே போய்விட்டால் என்று நினைத்தேன். வயிறு தெரியத் தொடங்கியபின் இன்னொரு நேர்முகத்துக்குப் போய் நிற்பதை நினைத்தேன். போன முறை மாதிரித் திங்கட்கிழமை கதிரையில் போய் இருப்பதை நினைத்தேன், இந்த முறை ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு. எனக்குப் பயமாக இருந்தது.

கணவருக்கு எடுத்தேன். ஒரு லொறி ஹைவேயில் கவிழ்ந்து கிடக்கிறது, பத்து நிமிடத்தில் எடுக்கிறேன் என்றார். அத்தானுக்கு எடுத்தேன்.

“அத்தான், அந்த அண்ணைக்கு ஒருக்கால் சொல்லுங்கோ, எனக்கு வேண்டாம் எண்டு. நாளைக்குள்ளை எழுதிக் குடுக்கவேணுமாம்.”

“நீ தானே சரி எண்டனி?”

“நான் பாப்பம் எண்டுதான் சொன்னனான்.”

“அவனிட்டையும் பாப்பம் எண்டு சொன்னனியாம். ஏஜென்சியின்ரை பேரையும் குடுத்தனியாம். வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லவேண்டியதுதானே?”

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நான் அவனிட்டை எங்கடை பிள்ளை எண்டு சொல்லி வைச்சனான். இப்ப என்ரை முகத்திலை கரியைப் பூசிறாய். என்ன காரணம் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“ஒண்டும் சொல்லாதேங்கோ. விடுங்கோ,” என்று சத்தமாகச் சொல்லி வைத்துவிட்டேன். அத்தானோடு நான் சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நிமிடம் போயிருக்காது. அக்கா எடுத்தாள்.

“என்னடி, அத்தானோடை சண்டையாம்?”

“சண்டையில்லை.”

“அவர் அங்கை மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறார். வெட்டுக் கூடின இடத்துக்குத்தான் போவன் எண்டு நிக்கிறியாம். உனக்கு ஏன் உப்பிடி ஒரு பிடிவாதம்?”

“அக்கா, எனக்கு வெட்டவேணும்.”

“என்னது?”

“ஈ.ஐ. வெட்டவேணும். அறுநூறு மணித்தியாலம் வெட்டவேணும்.”

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு முறையும் ஒரு பெட்டி செய்யும் ஃபாக்டரியில் வேலைசெய்தபடி பெற்றவள். அறுநூறு என்ற எண்ணை அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. கனடாவுக்கு வந்து பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் விளக்கவேண்டியதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் காரணத்தைத் தப்பான ஆளிடமிருந்து ஒளித்திருக்கிறேன்.

“எத்தினை கிழமை?” என்றாள் மெதுவாக.

“எட்டாகப்போகுது.”

“ஞாயிறு தயிரும் சோறும் தின்னேக்கை யோசிச்சனான். கேக்கக்கூடாதெண்டு விட்டனான்.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டது, மூடமுடியவில்லை. “அக்கா, இது இரண்டாவது,” என்றேன். அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பதிந்த நான்கு பிழைகளைக்கூடச் சொன்னேன். சளிக் காய்ச்சல் என்று சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போது நான் அழவில்லை. அக்காதான் அழுதாள், சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் உனக்கு மல்லி அவிச்சுத் தந்தனான்,” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். “மல்லி அவிச்சுத் தந்தனான் எல்லோ.”

ஃபோனை யாரோ வாங்கும் சத்தம் கேட்டது. அத்தான். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு எத்தினை மணி எண்டாய்?”

“அஞ்சு.”

“சரி.” கொஞ்சம் பொறுத்து, “கொஞ்சம் இருந்து கதை. நடந்து திரியாதை,” என்றார். நான் நடந்துகொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டுக்கே அம்பிரெல்லாக்காரர் விலகல் கடிதம் அனுப்பிவிட்டார். காரணம் என்ற இடத்தில், நிரந்தர வேலை கிடைத்துள்ளது என்று எழுதியிருந்தது. அத்தான் அவரிடம் சொன்ன பொய் அது. ஆறு மாத வேலைக்கு நிரந்தரம் என்று பெயர். ஏஜென்சிக்காரி குழம்பிப்போய் என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கிழமையில் நான் முதல் முறையாகச் சிரித்தேன். பிறகு பேரோல் ஒப்பந்தம் வந்தது, ஒரு எழுத்து விடாமல் மூன்று முறை வாசித்துக் கையெழுத்து வைத்தேன். என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “காலுறை எங்கை கிடக்கு?” என்றார். எறியவில்லை என்றேன். தெரியும் என்றார்.

முதல் சம்பளத் துண்டு வந்தபோது நான் கடைசித் தொகையைப் பார்க்கவில்லை. நடுவில் ஈ.ஐ. என்று போட்டு, பக்கத்தில் வெட்டின காசு இருந்தது. அதைத்தான் பார்த்தேன். அந்தப் பதினாறு கிழமையும் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். ஒன்பதாவது கிழமை முழுவதும் கதிரையின் விளிம்பில்தான் இருந்தேன். கழிவறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முதலில் வெளிச்சத்தைப் போட்டுவிட்டு ஒரு கணம் நின்றேன். பன்னிரண்டு, பதினாறு, இருபது. அக்கா ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவாள், ஒரு எண் மட்டும். எழுபத்தைந்து. நூற்றுப்பன்னிரண்டரை. அவளும் கூட்டிக்கொண்டிருந்தாள். அறுநூறு வந்த வெள்ளி, எண்ணுக்குப் பின்னால் ஒரு நண்டுப் படம் போட்டிருந்தாள். அந்த நேரம் எனக்கு நண்டு தின்ன முடிந்தது.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டினார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் ஏஜென்சிக்காரி கூப்பிட்டாள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டும், எத்தனை மணித்தியாலம், ஏன் நிற்பாட்டினது என்று. அதில் காரணத்துக்கு ஒரு கட்டம், ஒரு எழுத்துத்தான் போடலாம். உங்களுக்கு என்ன காரணம் போடட்டும் என்றாள். வீடியோவில் என் தோளுக்குமேல்தான் அவள் கண்டிருக்கிறாள், வயிற்றைக் கண்டதில்லை.

“எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது,” என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் அவ்வளவு சத்தமாக நான் அதுவரை எந்த மொழியிலும் சொன்னதில்லை.

அதற்கு எழுத்து ‘எஃப்’. அத்தானிடம் சொன்னபோது, “பள்ளிக்கூடத்திலை எஃப் எடுத்திருந்தால் உரிச்சிருப்பன்,” என்று சொல்லித் தானே முதலில் சிரித்தார்.

மகளுக்கு இப்போது பதினோரு மாதம். மஞ்சள் காலுறை முதல் கிழமையே அவளுடைய காலுக்குப் போதாமல் போய்விட்டது. அந்தப் படிவத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் எத்தனையோ எழுத்துகள் இருக்கின்றன, வேலை முடிந்ததற்கு ஒன்று, சுகமில்லாததற்கு ஒன்று, தானாக விட்டதற்கு ஒன்று. அந்தப் புதன்கிழமைக்கு ஒரு படிவமும் வரவில்லை, ஒருவரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும்போது அக்கா எடுப்பாள். என்ன செய்கிறாய் என்று கேட்பாள், நான் ஒன்றுமில்லை என்பேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஃபோனை வைக்காமல் இருப்போம்.